சோல் ஏஜென்சி நடுவில் ஏஜென்ட்டை மாற்றினால்: ஹாரோ வீடு ஒன்றின் கணக்கு

இங்கிலாந்தில் வீட்டை விற்கக் கொடுத்து இரண்டு மாதமாகியும் ஒரு ஆஃபர்கூட வரவில்லையென்றால், ஏஜென்ட்டை மாற்றிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. மாற்றுவது பெரிய வேலை இல்லை. மாற்றிய பிறகு ஒரே வீட்டுக்கு இரண்டு பேருக்குக் கமிஷன் கட்ட நேர்வதுதான் ஆபத்து. அது நேருமா நேராதா என்பதைப் பெரும்பாலும் ஒரு தேதியும் ஒரு பெயர்ப்பட்டியலும் தீர்மானிக்கின்றன.

கீழே வருவது, இத்தகைய விற்பனைகளில் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் சிக்கல்களை ஒன்றாகக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு. வீடும் தேதிகளும் தொகைகளும் கணக்குப் பார்ப்பதற்காக வைத்தவை. சட்டங்களும் தீர்ப்புகளும் உண்மையானவை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் விற்பனை நடைமுறையே வேறு.

வீடும் ஒப்பந்தமும்

லண்டனின் ஹாரோ பகுதியில் மூன்று படுக்கையறை செமி-டிட்டாச்டு வீடு. மூன்று ஏஜென்ட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் 570,000 பவுண்ட் என்றார், அடுத்தவர் 580,000 என்றார், மூன்றாமவர் 625,000 என்றார். உரிமையாளர்களான தம்பதி மூன்றாமவரிடம் கொடுத்தார்கள். 2025 ஜனவரி 6 அன்று வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துக் கையெழுத்தானது. கமிஷன் 1.25 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் வாட். சோல் ஏஜென்சி, அதாவது வேறு ஏஜென்ட்டுக்கு இடம் தராத ஏற்பாடு, 16 வாரம். முடித்துக்கொள்ள 14 நாள் எழுத்து நோட்டீஸ்.

மார்ச் 10-க்குள் ஒன்பது வாரம் ஓடிவிட்டது. வீட்டைப் பார்க்கப் பதினொரு முறை ஆள் வந்தது. அதில் ஒரு தம்பதி இரண்டு முறை வந்தார்கள். ஆஃபர் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஏஜென்ட்டைப் பற்றியதல்ல, விலையைப் பற்றியது. அதே தெருவில் விற்ற வீடுகளின் விலையை அரசின் நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரி வெளியிடுகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இந்தத் தெருவில் அதே அளவு வீடுகள் 560,000-க்கும் 580,000-க்கும் இடையில்தான் போயிருக்கின்றன. அப்படியானால் 625,000 என்பது வீட்டின் விலையல்ல, ஒப்பந்தத்தைப் பிடிக்கச் சொன்ன விலை. இது ஏஜென்ட் மீதான நியாயமான குறைதான். ஆனால் விலையைக் குறைக்காமல் ஏஜென்ட்டை மட்டும் மாற்றினால் இன்னும் பத்து வாரம் வீணாகும். ஆள் வந்து பார்த்தும் ஆஃபர் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் விலையில் இருக்கும். ஆளே வராவிட்டால் படம், விவரம், விளம்பரம், விலை நான்கையும் சந்தேகிக்கலாம். வர விரும்புகிறவரின் போனை எடுக்க ஆளில்லை, பார்த்துவிட்டுப் போனவரின் கருத்து எழுத்தில் வருவதில்லை, சனிக்கிழமை வியூயிங் கிடையாது என்றால் ஏஜென்ட்டை மாற்றுவதற்குப் போதுமான காரணம் உண்டு.

கையில் இருப்பது எந்த வகை ஒப்பந்தம்

எஸ்டேட் ஏஜென்ட்கள் சட்டம் 1979-ன் 18-ஆம் பிரிவு, கமிஷன் எப்போது, எவ்வளவு, எந்தச் சூழலில் கட்ட வேண்டும் என்பதை ஏஜென்ட் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்கிறது. 1991-ல் வந்த விதிகள், "சோல் ஏஜென்சி", "சோல் செல்லிங் ரைட்ஸ்" போன்ற சொற்களை ஒப்பந்தத்தில் போட்டால் அவற்றுக்கு என்ன விளக்கம் எழுத வேண்டும் என்பதையும் வகுத்திருக்கின்றன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். விளைவில் வெகுதூரம்.

சோல் ஏஜென்சியில், அந்த ஏஜென்ட் அறிமுகம் செய்தவரோ, அந்தக் காலத்தில் அவர் பேரம் பேசியவரோ, அந்தக் காலத்துக்குள் வேறொரு ஏஜென்ட் அறிமுகம் செய்தவரோ வாங்கினால் கமிஷன் உண்டு. எந்த ஏஜென்ட்டும் இல்லாமல் நீங்களே ஆள் பிடித்து விற்றால் இல்லை. சோல் செல்லிங் ரைட்ஸில், காலத்துக்குள் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொண்டு விற்பனை சட்டப்படி உறுதியாவது) ஆனால், ஆளை யார் பிடித்தாலும், நீங்களே பிடித்தாலும் கமிஷன் கட்டியாக வேண்டும். லண்டன் தமிழர்களிடையே சொந்தக்காரர் வழியாக, கோயிலில் பழகியவர் வழியாக "நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று ஆள் வருவது உண்டு. அப்படி வாய்ப்பிருக்கும் வீட்டுக்காரர் சோல் செல்லிங் ரைட்ஸில் கையெழுத்திடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. சோல் ஏஜென்சியிலும் ஒரு எச்சரிக்கை: அந்தச் சொந்தக்காரர் வீட்டை முதலில் ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பரத் தளத்தில் பார்த்தோ, வாசல் போர்டைப் பார்த்தோ ஏஜென்ட்டை அழைத்திருந்தால், அவர் ஏஜென்ட் அறிமுகம் செய்தவர் என்றே வாதம் வரும்.

மூன்றாவது ஒரு வாசகமும் உண்டு: "வாங்கத் தயாராக, விருப்பத்தோடு, வசதியோடு உள்ளவரை" கொண்டுவந்தாலே கமிஷன் என்பது. எக்ஸ்சேஞ்சுக்கு முன் நீங்கள் மனம் மாறி விற்பனையை நிறுத்தினாலும் கட்ட வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன்பே இதை நீக்கச் சொல்லுங்கள்.

விளக்கமே தராத ஏஜென்ட்டுக்கு ஒன்றும் கட்ட வேண்டாம் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 18-ஆம் பிரிவை மீறிய ஒப்பந்தத்தை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அமலாக்க முடியாது என்பது சரி. ஆனால் அந்த உத்தரவு கிடைக்கக் கூடியதே. 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வெல்ஸ் எதிர் தேவானி வழக்கில், தொலைபேசியில் பேசி முடித்த ஏஜென்ட்டுக்கு, எழுத்து விவரம் தரத் தவறியதற்காக மூன்றில் ஒரு பங்கு குறைத்து மீதிக் கமிஷனைக் கட்ட வேண்டும் என்றானது.

வெளியேறும் வழிகள்

ஒப்பந்தம் வீட்டில் வைத்துக் கையெழுத்தானது என்பது சின்ன விஷயமல்ல. ஏஜென்ட்டின் அலுவலகத்துக்கு வெளியிலோ ஆன்லைனிலோ கையெழுத்தான நுகர்வோர் ஒப்பந்தத்துக்கு, 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி 14 நாள் ரத்து உரிமை உண்டு. இந்த நிகழ்வில் அது ஜனவரி 20 அன்று முடிந்தது. ரத்து உரிமை பற்றிய தகவலை ஏஜென்ட் தராமலே விட்டிருந்தால் அந்தக் காலம் மேலும் 12 மாதம்வரை நீளும். ஆகவே ஒன்பதாவது வாரத்திலும் கோப்பைத் திறந்து, ரத்துத் தகவல் தாள் இருக்கிறதா என்று தேடுவது வீண் வேலை இல்லை. இந்தத் தம்பதிக்குத் தாள் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அந்த வழி அடைபட்டது.

அடுத்தது இணக்கமாக விடுபடுவது. குறைகளைத் தேதியோடு எழுதி, ஏழு நாளில் சரிசெய்யக் கேட்டு, முடியாவிட்டால் விடுவிக்கச் சொல்லி மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். சில ஏஜென்ட்கள் விடுவார்கள், கோபத்தோடு இருக்கும் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு அவர்களுக்கும் லாபமில்லை. விடும்போது "விளம்பரச் செலவு" என்று ஒரு தொகை கேட்டால், அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத தொகையைக் கட்ட வேண்டியதில்லை. இந்த நிகழ்வில் ஏஜென்ட் விட மறுத்தார். விலையை 599,950-ஆகக் குறைக்க மட்டும் ஒப்புக்கொண்டார்.

மிஞ்சியது நோட்டீஸ். இங்கேதான் அதிகம் பேர் இரண்டு வாரத்தை இழக்கிறார்கள். 16 வாரம் ஏப்ரல் 27-ஓடு முடிகிறது. "16 வாரம் முடிந்த பிறகே 14 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம்" என்று எழுதியிருந்தால், ஏப்ரல் 28-ல் கொடுத்து மே 12-ல் விடுபடலாம். "16 வாரத்தின் முடிவிலோ அதற்குப் பிறகோ முடியும்படி 14 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம்" என்று இருந்தால், ஏப்ரல் 14 அன்றே கொடுத்து 28-ல் வெளியேறலாம். ஒரே ஒரு வரியின் வேறுபாடு. வசந்த காலச் சந்தையில் அந்த இரண்டு வாரம் விலை உள்ளது. நோட்டீஸே கொடுக்காவிட்டால் 16 வாரத்தோடு எதுவும் தானாக முடியாது, பெரும்பாலான ஒப்பந்தங்கள் அப்படியே தொடரும்.

இந்தத் தம்பதியின் ஒப்பந்தம் இரண்டாம் வகை. ஏப்ரல் 14 அன்று மின்னஞ்சலும், கையெழுத்து வாங்கித் தரும் தபாலும் போயின. வாட்ஸ்ஆப்பை மட்டும் நம்பக் கூடாது, கிளையில் நேரில் சொல்வது போதாது. நோட்டீஸில் வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, எந்த ஷரத்தின் கீழ் முடிக்கிறோம், எந்த நாளில் முடிகிறது என்பவை இருந்தன. கூடவே மூன்று கோரிக்கைகள்: முடியும் நாளை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், அறிமுகம் செய்ததாக உரிமை கோரும் ஒவ்வொருவரின் பெயரையும், அவர் வந்து பார்த்த நாளையும் தர வேண்டும், ஒப்பந்தம் முடியும் நாளிலேயே விளம்பரத்தையும் போர்டையும் எடுத்துவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

போர்டு அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு விற்பனைப் போர்டுக்குத்தான் விளம்பர விதிகள் இடம் தருகின்றன. பழையது நின்றால் புதியதை நட முடியாது, அழைப்புகளும் பழைய கிளைக்கே போகும்.

பெயர்ப்பட்டியல்

பட்டியல் வராவிட்டால் விடாமல் கேளுங்கள். வந்தால் வரிவரியாகப் பாருங்கள். சில சமயம் நாற்பது, ஐம்பது பெயர் வரும். விளம்பர மின்னஞ்சல் போன எல்லோரையும் அள்ளிப் போட்டிருப்பார்கள். மின்னஞ்சல் பட்டியலில் இருந்தவரை எல்லாம் அறிமுகம் செய்தவராக ஏற்க முடியாது, வந்து பார்த்த நாளும் நடந்த பேச்சும் உள்ள பெயர்களை மட்டும் ஏற்கிறோம் என்று எழுத்தில் பதில் போடுங்கள். இங்கே பதினொரு வருகைக்குப் பத்துப் பெயர் வந்தது. இரண்டு முறை பார்த்த தம்பதியும் அதில் இருந்தார்கள், கடைசியாக வந்த நாள் பிப்ரவரி 22.

இந்தப் பட்டியல் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? ஏஜென்ட்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர் அமைப்பான ப்ராப்பர்ட்டி ஒம்பட்ஸ்மனில் உறுப்பினரான ஏஜென்ட் என்றால் அதன் நடத்தைக் கோவை வரம்பு வைத்திருக்கிறது. பழைய ஏஜென்ட் அறிமுகம் செய்தவர், புதிய ஏஜென்ட் மூலம் வாங்கினால், பழைய ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் புதியவர் விற்பனைக் குறிப்பு (மெமோராண்டம் ஆஃப் சேல்) வெளியிட்டு, பிறகு எக்ஸ்சேஞ்சும் ஆனால்தான் பழையவர் கமிஷன் கேட்கலாம். இடையில் வேறு ஏஜென்ட்டே இல்லையென்றால் அது 2 ஆண்டு. பழையவரை விலக்கிவிட்டு அவர் காட்டிய ஆளுக்கே தனியாக விற்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது வரியை மறக்கக் கூடாது. ஏஜென்ட் வேறொரு குறைதீர் அமைப்பில் உறுப்பினர் என்றால் அதன் கோவையைப் பார்க்க வேண்டும்.

புதிய ஏஜென்ட் எப்போது தொடங்கலாம்

ஏப்ரல் 14-க்கும் 28-க்கும் இடைப்பட்ட நாட்கள்தான் இந்த விவகாரத்தில் மிக ஆபத்தானவை. நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, புதியவரிடம் இரண்டு ஆள் தயாராக இருக்கிறார்கள், "சத்தமில்லாமல் காட்டிவிடலாம்" என்று அவர் சொல்வார். கூடாது. நோட்டீஸ் ஓடும்போதும் சோல் ஏஜென்சி நடப்பில் இருக்கிறது. அந்த நாட்களில் வேறொரு ஏஜென்ட் அறிமுகம் செய்தவர் பிறகு எந்த நாளில் வாங்கினாலும் முதல் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் உண்டு என்பது 1991 விதிகளின் வாசகம். இந்த இடத்தில் யார் உழைத்தார் என்ற வாதத்துக்கே இடமில்லை. ஏப்ரல் 20 அன்று காட்டிய வீட்டுக்காக செப்டம்பரில் இரண்டு பில் வரலாம்.

அந்த இரு வாரத்தில் செய்யக்கூடியவை வேறு. புதிய படம் எடுக்கலாம், பழைய படங்கள் பழைய ஏஜென்ட்டின் உரிமை என்பதால் அவற்றை எடுத்தாளக் கூடாது. அடையாளச் சான்றுகளைக் கொடுக்கலாம், பணச்சலவைத் தடுப்புச் சோதனை ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தனி. எரிசக்திச் சான்றிதழைப் புதிதாக எடுக்க வேண்டாம், அது வீட்டோடு 10 ஆண்டு நிற்கும்.

புதிய ஒப்பந்தத்தில் சோல் ஏஜென்சியை 8 வாரமாகக் குறைத்தார்கள், கமிஷன் 1.5 சதவீதமானது. பட்டியலைப் புதியவரிடம் கையெழுத்துக்கு முன்பே கொடுத்து, அதில் உள்ளவர் வாங்கினால் கமிஷன் எப்படி என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதக் கேட்டார்கள். இரண்டு வகையில் எழுதலாம்: பட்டியல் பெயர்களுக்குத் தன் கமிஷனைப் புதியவர் விட்டுக்கொடுப்பது, அல்லது, முன்னவர் பெறும் தொகையைத் தன் கமிஷனில் கழித்துக்கொள்வது. புதியவர் இரண்டாவதை ஏற்றார். முதலாவதை ஏஜென்ட்கள் விரும்புவதில்லை. அதை வற்புறுத்தினால் பட்டியலில் உள்ளவர்களை அவர் அழைக்கவே மாட்டார், வாங்கக்கூடிய ஆளையும் சேர்த்து இழப்பீர்கள்.

பிரச்சினை வந்த இடம்

மே 13 அன்று வீடு 575,000-க்கு மறுபடி சந்தைக்கு வந்தது. ஜூன் 2 அன்று அதே பழைய தம்பதி, புதிய விலையைக் கண்டு, புதிய ஏஜென்ட் வழியாக வந்தார்கள். 560,000-க்கு முடிந்தது. செப்டம்பர் 19 அன்று எக்ஸ்சேஞ்ச். பழைய ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதமும் ஆகவில்லை. பழைய ஏஜென்ட் பில் அனுப்பினார்: 560,000-க்கு 1.25 சதவீதம் 7,000, வாட் 1,400, மொத்தம் 8,400 பவுண்ட். புதியவரின் பில் 8,400, வாட் 1,680, மொத்தம் 10,080. கழிவு ஷரத்து இல்லாமல் இரண்டையும் கட்டியிருந்தால் 18,480.

ஆறு மாதத்துக்குள் நடந்தால் பழையவருக்குக் கமிஷன் நிச்சயம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள், ஏஜென்ட்களும் அப்படியே எழுதுகிறார்கள். ஆறு மாதம் என்பது கேட்கக்கூடிய எல்லை மட்டுமே. கேட்டவுடன் தகுதி வந்துவிடாது. 2008-ல் அப்பீல் நீதிமன்றம் தீர்த்த ஃபாக்ஸ்டன்ஸ் எதிர் பெல்கி பிக்னெல் வழக்கு இதற்கு நேரான முன்மாதிரி. ஃபாக்ஸ்டன்ஸ் மூலம் வீட்டைப் பார்த்தவர் விருப்பமில்லாமல் போனார். பிறகு வேறொரு ஏஜென்ட் வழியாக அந்த வீட்டையே வாங்கினார். நியூபெர்கர் பிரபு எழுதிய தீர்ப்பு, "நாங்கள் அறிமுகம் செய்த வாங்குபவர்" என்ற வாசகத்தை, வீட்டைக் காட்டியது என்றல்ல, வாங்குதலுக்கே இட்டுச்சென்றது என்று பொருள்கொண்டது. ஃபாக்ஸ்டன்ஸுக்குக் கமிஷன் இல்லை என்றானது. ஒப்பந்தத்தின் வாசகம் வேறுவிதமாக இருந்தால் முடிவும் மாறலாம். அதனால் உங்கள் ஷரத்தை அப்படியே தட்டச்சு செய்து வாதத்தில் வைக்க வேண்டும், நினைவிலிருந்து எழுதக் கூடாது.

நம் நிகழ்வில் தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது? பழையவருக்குச் சாதகம்: அவர்தான் முதலில் காட்டினார், அதுவும் இரண்டு முறை, ஆர்வம் அப்போதே இருந்தது. எதிராக: பிப்ரவரி 22-க்குப் பிறகு ஒப்பந்தம் முடியும்வரை அந்தத் தம்பதியோடு அவர் பேசியதற்கு ஒரு மின்னஞ்சல்கூட இல்லை, 599,950-க்கு விலை குறைந்ததையும் அவர்களிடம் சொல்லவில்லை, மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு, புதிய விலையைப் பார்த்து, புதிய கிளையில் அவர்களாகவே பெயர் பதிந்து வந்தார்கள், பேரம் முழுவதும் புதியவர் கையில் நடந்தது. எங்கள் மதிப்பீட்டில் கோரிக்கை பலவீனமானது. பிப்ரவரியிலேயே 545,000 என்று ஒரு ஆஃபர் வந்து மறுக்கப்பட்டிருந்தால் நிலைமை தலைகீழ். "காலத்துக்குள் பேரம் பேசியவர்" என்ற இரண்டாவது வாசகமும் அப்போது பழையவருக்குத் துணை நிற்கும்.

இந்த வாதத்தை எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு தொடங்குவதைவிட ஜூன் மாதத்திலேயே, ஆஃபரை ஏற்கும் முன், இரண்டு ஏஜென்ட்டுக்கும் ஒரே மின்னஞ்சலில் "இந்தப் பெயர் பட்டியலில் உள்ளது, ஒரு கமிஷனுக்கு மேல் கட்ட மாட்டோம், உங்களுக்குள் பேசி எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். விற்பனை நடக்க வேண்டும் என்ற அவசரம் அப்போது புதியவருக்கும் இருக்கும். பிரித்துக்கொள்ள அவர்கள் ஒப்புவது உண்டு.

பில்லுக்குப் பதில்

பில்லைக் கிடப்பில் போடக் கூடாது. மறுப்பை ஷரத்து, தேதி, இடைவெளி, பேரம் நடத்தியவர் என்ற நான்கோடு எழுதி, முறையான புகார் என்று தலைப்பிட்டு அனுப்ப வேண்டும். ஏஜென்ட்டுக்கு எட்டு வார அவகாசம். பதில் திருப்தி தராவிட்டாலோ வராவிட்டாலோ குறைதீர் அமைப்புக்குப் போகலாம். எஸ்டேட் ஏஜென்ட் எவரும் அப்படி ஒன்றில் உறுப்பினராக இருப்பது சட்டக் கட்டாயம், விற்பவருக்குச் செலவும் இல்லை. அங்கே பட்டியல், வியூயிங் பதிவு, மின்னஞ்சல்கள் ஆகியவையே பேசும். ஏஜென்ட் நீதிமன்றம் போனாலும் 8,400 பவுண்ட் என்பது 10,000 வரம்புக்குள் இருப்பதால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் தடத்தில்தான் வரும், தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பொதுவாகத் தலையில் விழாது.

இன்னொரு கடிதமும் அதே நாளில் போக வேண்டும், விற்பனையின் சட்ட வேலையைப் பார்க்கும் சொலிசிட்டருக்கு. கமிஷன் எக்ஸ்சேஞ்சில் உரியதானாலும் வழக்கமாக, பணமும் வீடும் கைமாறும் கம்ப்ளீஷன் நாளில் விற்பனைப் பணத்திலிருந்து சொலிசிட்டர்தான் கட்டுகிறார். பழைய ஏஜென்ட் தன் பில்லை நேராக அவருக்கே அனுப்பிவிடுவார். "புதியவரின் பில்லை மட்டும் கட்டுங்கள், முன்னவரின் பில் சர்ச்சையில் உள்ளது, எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் கட்ட வேண்டாம்" என்று கம்ப்ளீஷனுக்கு முன்பே சொல்லிவைத்து, கம்ப்ளீஷன் கணக்குத்தாள் வந்ததும் ஏஜென்ட் கட்டணம் என்ற வரியில் ஒரே ஒரு தொகை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.